டிஸ்க்குக்கும் பெயர் வேண்டும்!

இடத்தை நம்பினால் மோசம்! பெயரை நம்பினால் லாபம்!

எவர்சில்வர் கடைக்குப் போய் ஒரு குடம் வாங்குகிறோம். பணத்தைக் கொடுத்ததும் கடைக்காரர் என்ன கேட்பார்?

"என்ன பெயர் வெட்டணும்?"

பெயரைச் சொன்னதும் ஒரு சிறு யந்திரத்தை எடுப்பார். "டர்ர்ர்" என்று சத்தம் கேட்கும். சற்று நேரத்தில் குடத்தின் கழுத்தில் பெயர் ஏறிவிடும்.

அந்தக் குடம் கல்யாண வீட்டுக்குப் போகலாம். அங்கே நூறு குடங்களோடு கலந்து விடலாம். கவலை இல்லை. பெயரைப் பார்த்து, "இது எங்கள் குடம்" என்று எடுத்து வந்து விடலாம்.

பெயர் வெட்டாத குடமாக இருந்தால்? "அந்த மூலையில் இரண்டாவதாக வைத்திருந்தேன்" என்று சொல்லலாம். ஆனால் அதற்குள் யாரோ அதை இடம் மாற்றி வைத்திருப்பார்கள்!

கம்ப்யூட்டரில் மாட்டும் டிஸ்க்குகளின் கதையும் இதுதான். பெயர் வைத்த டிஸ்க் பிழைக்கும். பெயர் இல்லாத டிஸ்க் என்றைக்காவது ஒரு நாள் காலை வாரி விடும்.

கல்யாணப் படம் எங்கே?

ஒரு போட்டோ ஸ்டூடியோவை நினைத்துக் கொள்ளுங்கள்.

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஸ்டூடியோக்காரர்தான் படம் எடுப்பார். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பார். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ்.

கம்ப்யூட்டரோடு இரண்டு டிஸ்க்குகளை வயர் மூலம் இணைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே கம்பெனி. ஒரே கறுப்பு நிறம். ஒரே அளவு.

ஒன்றில் அசல் படங்கள். மற்றொன்றில் நகல்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை இரவும் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு வேலை செய்யும். முதல் டிஸ்க்கில் இருப்பதை இரண்டாவது டிஸ்க்கில் அப்படியே நகல் எடுக்கும். முதல் டிஸ்க்கில் இல்லாத படம் ஏதாவது இரண்டாவது டிஸ்க்கில் இருந்தால், அதை அழித்து விடும். இரண்டும் ஒன்று போல இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக இந்த ஏற்பாடு.

பல மாதங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஆயுத பூஜை வந்தது. ஸ்டூடியோவைக் கூட்டித் துடைத்தார்கள். வயர்களைக் கழற்றித் தூசி தட்டினார்கள். கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பூஜை முடிந்ததும் வயர்களைத் திரும்ப மாட்டினார்கள்.

ஞாயிறு இரவு வழக்கம் போல நகல் வேலை நடந்தது.

திங்கட்கிழமை காலை முதலாளி வந்தார்.

"தம்பி, போன வாரக் கல்யாணப் படத்தை எடு. பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள்."

"இதோ, முதலாளி."

பையன் தேடினான். மறுபடியும் தேடினான். அவன் முகம் வெளுத்தது.

"என்னடா?"

"முதலாளி... அசலிலும் இல்லை. நகலிலும் இல்லை!"

தாலி கட்டும் படம், பாட்டி ஆசீர்வாதம் செய்யும் படம், எல்லாம் போயின. தாலியை மறுபடியும் கட்டச் சொல்லிப் படம் எடுக்க முடியுமா?

என்ன ஆயிற்று?

நடந்தது இதுதான். வயர்களைத் திரும்ப மாட்டும்போது இரண்டு டிஸ்க்குகளும் இடம் மாறி விட்டன. இரண்டாவது டிஸ்க் முதலாவதாக ஆகி விட்டது. முதல் டிஸ்க் இரண்டாவதாக ஆகி விட்டது.

கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. "முதலாவதில் இருப்பதை இரண்டாவதற்கு நகல் எடு" என்பதுதான் அதற்கு இட்ட கட்டளை. அதை அப்படியே செய்தது. முந்தின வாரம் எடுத்த நகலை அசல் என்று நினைத்தது. அந்த நகலில் போன வாரக் கல்யாணப் படம் இல்லை. ஆகவே உண்மையான அசலில் இருந்த படத்தையும் "வேண்டாதது" என்று அழித்து விட்டது.

நகல் அசலை விழுங்கி விட்டது!

கம்ப்யூட்டர் கெட்டுப் போகவில்லை. டிஸ்க்கும் கெட்டுப் போகவில்லை. டிஸ்க்கைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், நிற்கும் இடத்தைச் சொல்லிக் கூப்பிட்டதுதான் தவறு.

லினக்ஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் வெறும் யந்திரம். அதை நடத்தி வைக்க ஒரு நிர்வாகி வேண்டும். அந்த நிர்வாகிகளில் ஒன்றுதான் லினக்ஸ்.

பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கி. அங்கே பல்கலைக் கழகத்தில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டார்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991-ம் ஆண்டில் இதை எழுதத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக் கொள்ளலாம், திருத்தலாம் என்று விட்டு விட்டார். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து அதை வளர்த்தார்கள்.

நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ்தான். உலகிலேயே வேகமான 500 கம்ப்யூட்டர்கள் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். 2017-ம் ஆண்டு நவம்பர் பட்டியலில் 500-ம் லினக்ஸில் ஓடின! சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனமும் "பாஸ்" என்ற பெயரில் ஒரு லினக்ஸை உருவாக்கியது.

ஒட்டு மாங்கன்று

விண்டோஸ் கம்ப்யூட்டரில் "சி" டிரைவ், "டி" டிரைவ் என்று தனித்தனியாக இருக்கும். லினக்ஸில் அப்படி இல்லை. எல்லாம் ஒரே மரம். அதற்கு ஒரே வேர். புதிய டிஸ்க் வந்தால் அதை இந்த மரத்தின் ஏதாவது ஒரு கிளையில் ஒட்டிக் கட்ட வேண்டும். ஒட்டு மாங்கன்று கட்டுவது போலத்தான்!

"படங்கள்" என்று ஒரு கிளை இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதில் டிஸ்க்கைக் கட்டி விட்டால், பிறகு "படங்கள்" என்ற கிளையைத் திறந்தால் போதும். அந்த டிஸ்க்கில் உள்ளவை தெரியும்.

இப்படிக் கட்டுவதற்கு "மவுண்ட்" என்று பெயர்.

இந்தப் பெயர் பழைய காலத்துப் பெயர். லினக்ஸுக்கு முன்னோடி யூனிக்ஸ். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1969-ம் ஆண்டில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் அதைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் டேப் சுருளையும் கனத்த டிஸ்க் அடுக்கையும் ஆட்கள் கையால் தூக்கி யந்திரத்தின் மேல் ஏற்றி மாட்டுவார்கள். கையால் ஏற்றும் வேலை போய் விட்டது. பெயர் மட்டும் நிலைத்து விட்டது.

டாக்டர் வீட்டு டோக்கன்

சரி, கம்ப்யூட்டர் ஒரு டிஸ்க்கை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது?

டாக்டரைப் பார்க்கப் போனால் டோக்கன் கொடுப்பார்கள். முதலில் வந்தவருக்கு 1-ம் நம்பர். அடுத்தவருக்கு 2-ம் நம்பர். இன்றைக்கு 2-ம் நம்பர் வாங்கியவர் நாளைக்குப் போனால் 7-ம் நம்பர் கிடைக்கலாம். நம்பர் வரிசைக்குச் சொந்தம். ஆளுக்குச் சொந்தம் அல்ல.

லினக்ஸும் டிஸ்க்குகளுக்கு இப்படித்தான் டோக்கன் கொடுக்கிறது. முதலில் கண்ணில் பட்ட டிஸ்க்குக்கு "எஸ்.டி.ஏ." அடுத்ததற்கு "எஸ்.டி.பி." அதற்கு அடுத்தது "எஸ்.டி.சி." ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் தீர்ந்து விட்டால் "எஸ்.டி.ஏ.ஏ." என்று மறுபடியும் தொடங்கும்.

"2-ம் நம்பர் டோக்கனுக்கு ஊசி போடு" என்று டாக்டர் நேற்றே எழுதி வைத்து விட்டுப் போனால் என்ன ஆகும்? இன்றைக்கு 2-ம் நம்பரில் இருப்பவருக்கு ஊசி விழும். நோய் அவருக்கா என்று யார் பார்ப்பது?

ஸ்டூடியோவிலும் அதுதான் நடந்தது. கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருந்த டிஸ்க் "எஸ்.டி.ஏ." வெளியே இருந்த இரண்டும் "எஸ்.டி.பி.", "எஸ்.டி.சி." கட்டளையில் எழுதி இருந்தது இந்த டோக்கன் நம்பர்தான்.

வரிசை ஏன் மாறுகிறது?

வயரை மாற்றி மாட்டினால்தான் வரிசை மாறும் என்று நினைக்க வேண்டாம். வேறு காரணங்களும் உண்டு.

கம்ப்யூட்டர் விழிக்கும்போது எல்லா டிஸ்க்குகளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிறது. எது முதலில் "இருக்கிறேன்" என்று பதில் சொல்கிறதோ, அதற்கு முதல் டோக்கன். ஒரு டிஸ்க் சற்று சோம்பேறியாக எழுந்தால், அதன் இடத்தை இன்னொன்று பிடித்துக் கொள்ளும்.

யாராவது ஒரு பென்டிரைவை மாட்டி, மறந்து அப்படியே விட்டிருக்கலாம். மறுநாள் காலையில் அதுவும் வரிசையில் நிற்கும்.

புதிதாக ஒரு டிஸ்க் வாங்கி மாட்டலாம். பழைய டிஸ்க் ஒன்று செத்துப் போகலாம். பின்னால் இருந்தவை எல்லாம் ஒரு இடம் முன்னால் நகரும்.

லினக்ஸையே புதுப்பித்தாலும் டிஸ்க்குகளைத் தேடும் முறை மாறலாம்.

ஒரேயடியாக மாறிய பெயர்கள்!

ஒரு சமயம் வரிசை மட்டும் அல்ல, டோக்கனின் பெயரே மாறிப் போயிற்று.

பழைய கம்ப்யூட்டர்களில் ரிப்பன் போன்ற பட்டை வயரில் டிஸ்க்கை மாட்டுவார்கள். அந்த டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் "எச்.டி.ஏ.", "எச்.டி.பி." என்று பெயர் கொடுத்து வந்தது. வெகு காலம் இதுவே வழக்கம்.

பிறகு டிஸ்க்குகளோடு பேசும் பகுதியைப் புதிதாக எழுதினார்கள். புதிய பகுதி எல்லா டிஸ்க்குகளையும் "எஸ்.டி." என்றே அழைத்தது. 2007-ம் ஆண்டு மே மாதம் வெளியான "பெடோரா 7" என்ற லினக்ஸ் இந்தப் புதிய முறையோடு வந்தது.

பழைய வழக்கப்படி "எச்.டி.ஏ." என்று எழுதி வைத்திருந்த கம்ப்யூட்டர்களின் கதி என்ன? விழித்து எழும். "எச்.டி.ஏ. எங்கே?" என்று தேடும். அப்படி யாரும் இல்லை! பாதி வழியில் நின்று விடும். டிஸ்க் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் பெயர் மாறி விட்டதே!

டிஸ்க்குகளுக்குச் சொந்தப் பெயர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அன்று முதல், டோக்கனை நம்பக் கூடாது என்பதைப் பலரும் உணர்ந்து கொண்டார்கள்.

பெயர் எங்கே இருக்கிறது?

டிஸ்க்குக்கு வைக்கும் சொந்தப் பெயருக்கு "லேபிள்" என்று பெயர்.

லேபிள் என்றதும் வெளியே ஒட்டும் காகிதம் என்று எண்ணி விடாதீர்கள். இது டிஸ்க்குக்கு உள்ளேயே எழுதப்படுகிறது. குடத்தில் வெட்டிய பெயர் போல!

ஒரு டிஸ்க்கைப் பல பாகங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு பாகமும் ஒரு கிடங்கு மாதிரி. அந்தக் கிடங்கின் வாசல் அருகே ஒரு தகவல் பலகை இருக்கும். கிடங்கு எவ்வளவு பெரியது, எவ்வளவு இடம் மீதி, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்ற விவரங்கள் அதில் இருக்கும். கிடங்கின் பெயரும் அதே பலகையில்தான் இருக்கிறது.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பலகை கூடவே போகும். முதலாவதாக மாட்டினாலும், பத்தாவதாக மாட்டினாலும் பெயர் அதே பெயர்தான்.

1993-ம் ஆண்டில் ரெமி கார்டு என்பவர் லினக்ஸுக்காக "எக்ஸ்ட்-2" என்ற கிடங்கு முறையை உருவாக்கினார். அதில் பெயருக்காக ஒதுக்கிய இடம் 16 எழுத்து. பின்னால் வந்த "எக்ஸ்ட்-3", "எக்ஸ்ட்-4" ஆகியவற்றிலும் அதே 16 எழுத்துதான்.

மற்ற முறைகளில் அளவு வேறு. பென்டிரைவ்களில் உள்ள "ஃபாட்" முறையில் 11 எழுத்து. "எக்ஸ்.எஃப்.எஸ்." முறையில் 12 எழுத்து. விண்டோஸின் "என்.டி.எஃப்.எஸ்." முறையில் 32 எழுத்து.

தமிழில் எழுதலாமா?

16 எழுத்து என்பது ஆங்கில எழுத்துக் கணக்கு. தமிழ் எழுத்து கூடுதல் இடம் பிடிக்கும். கம்ப்யூட்டர் கணக்குப்படி ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று ஆங்கில எழுத்தின் இடம் வேண்டும். மெய் எழுத்தின் மேல் வைக்கும் புள்ளியும் தனிக் குறிதான்!

"படம்" என்று எழுதினால் ப, ட, ம, புள்ளி என நான்கு குறிகள். நான்கு மூன்று பன்னிரண்டு. 16-க்குள் அடங்கி விடும்.

"கல்யாணம்" என்று எழுதினால் எட்டுக் குறிகள். எட்டு மூன்று இருபத்து நான்கு. அடங்காது! அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் எட்டு எழுத்தில் முடிந்து விடும்.

ஆகவே லேபிளுக்கு ஆங்கில எழுத்தே வசதி. பெயருக்கு நடுவே இடைவெளி விடாமல் இருப்பது நல்லது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும். லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு.

பெயர் சூட்டுவது எப்படி?

மூன்றே காரியங்கள்தான்.

முதல் காரியம், ஆளைச் சரியாக அடையாளம் காண்பது. ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் இருந்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாட்டுங்கள். "எல்.எஸ்.பி.எல்.கே." என்ற கட்டளையைக் கொடுத்தால், கம்ப்யூட்டரில் உள்ள டிஸ்க்குகள் வரிசையாகத் தெரியும். அதோடு "எஃப்" என்ற குறியையும் சேர்த்துக் கொடுத்தால், எதற்கு என்ன பெயர் என்பதும் தெரியும். திறந்து பார்த்து, உள்ளே இருப்பது அசலா, நகலா என்று உறுதி செய்து கொள்ளுங்கள்.

இரண்டாவது காரியம், பெயர் எழுதுவது. "எக்ஸ்ட்" வகைக்கு "ஈ-2-லேபிள்" என்ற கட்டளை. "எக்ஸ்.எஃப்.எஸ்." வகைக்கு "எக்ஸ்.எஃப்.எஸ். அட்மின்." பென்டிரைவுக்கு "ஃபாட்-லேபிள்." எந்த டிஸ்க், என்ன பெயர் என்று சொன்னால் ஒரு நொடியில் எழுதி விடும்.

இதனால் உள்ளே இருக்கும் படங்கள் அழியாது. பெயர் வைப்பது வேறு. "ஃபார்மட்" செய்வது வேறு. ஃபார்மட் செய்தால் கிடங்கே காலியாகி விடும். பழைய பெயரும் போய் விடும். இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

மூன்றாவது காரியம், பட்டியலில் எழுதுவது. லினக்ஸ் விழித்ததும் ஒரு பட்டியலைப் படிக்கும். அதற்கு "எஃப்.எஸ். டாப்" என்று பெயர். எந்த டிஸ்க்கை எந்தக் கிளையில் கட்டுவது என்பது அதில்தான் இருக்கிறது. ஒரு வரியில் ஆறு பத்திகள். முதல் பத்தியில் டிஸ்க். இரண்டாவதில் கிளை. மூன்றாவதில் கிடங்கின் வகை. மீதி மூன்றும் சில்லறை விவரங்கள்.

முதல் பத்தியில் "எஸ்.டி.பி.1" என்று டோக்கன் நம்பர் இருந்தால், அதை எடுத்து விடுங்கள். "லேபிள்" என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, சமக்குறி போட்டு, நீங்கள் வைத்த பெயரை எழுதுங்கள். அவ்வளவுதான்!

எழுதியதும் கம்ப்யூட்டரை உடனே அணைத்துப் போட வேண்டாம். "மவுண்ட் -ஏ" என்ற கட்டளையைக் கொடுத்தால், பட்டியலில் உள்ளபடி எல்லா டிஸ்க்கையும் அப்போதே கட்டிப் பார்க்கும். பிழை இருந்தால் அங்கேயே சொல்லி விடும்.

பெயரைப் படித்துச் சொல்லும் காவலாளி

பெயரைப் பார்த்துச் சரியான டிஸ்க்கைக் கண்டுபிடிப்பது யார்?

லினக்ஸுக்குள் "யூடெவ்" என்று ஒரு காவலாளி உண்டு. அமெரிக்கரான கிரெக் குரோ-ஹார்ட்மன் 2003-ம் ஆண்டில் இதை அறிமுகம் செய்தார். புதிய டிஸ்க் வாசலுக்கு வந்ததும், யூடெவ் அதன் தகவல் பலகையைப் படிக்கும். "அசல் என்ற பெயர் உடையவர் இன்றைக்கு எஸ்.டி.சி. என்ற டோக்கனில் நிற்கிறார்" என்று குறித்து வைக்கும்.

அதன் பிறகு யார் "அசல்" என்று கூப்பிட்டாலும் சரியான டிஸ்க் வந்து நிற்கும். டோக்கன் தினம் தினம் மாறினாலும் கவலை இல்லை.

ஒரே பெயரில் இருவர்!

பெயர் வைத்து விட்டால் எல்லாத் தொல்லையும் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒரே தெருவில் இரண்டு முருகன் இருந்தால் தபால்காரர் திண்டாடுவது இல்லையா?

அமெரிக்காவில் ரெட் ஹேட் என்ற கம்பெனி இருக்கிறது. அவர்கள் வெளியிட்ட லினக்ஸ் ஒரு காலத்தில் தானாகவே லேபிள் வைக்கும். முக்கியமான பாகத்துக்கு வேரைக் குறிக்கும் சாய்கோடு ஒன்றையே பெயராக வைத்து விடும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே பெயர்!

தனித்தனியாக இருந்த வரை தொல்லை இல்லை. ஒரு கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டியதும் சண்டை தொடங்கியது. இரண்டு டிஸ்க்கும் "நான்தான் வேர்" என்றன. கம்ப்யூட்டர் திகைத்தது. தவறான டிஸ்க்கைக் கட்டுவதும், கட்ட மாட்டேன் என்று நின்று விடுவதும் உண்டு.

எனவே பெயர் வைக்கும்போது தனித்தன்மை வேண்டும். வெறும் "டேட்டா", "பேக்கப்" என்று வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் வைத்திருப்பார். ஸ்டூடியோவின் பெயரையோ, வீட்டின் பெயரையோ, வருடத்தையோ சேர்த்துக் கொள்ளுங்கள்.

36 எழுத்துப் பெயர்

டிஸ்க்குக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது நாம் வைப்பது அல்ல. ஃபார்மட் செய்யும்போது கம்ப்யூட்டரே குலுக்கல் முறையில் போடுவது. அதற்கு "யூ.யூ.ஐ.டி." என்று பெயர்.

நம்பரும் எழுத்துமாக 32 இருக்கும். நடுவில் நான்கு கோடுகள். ஆக மொத்தம் 36. இந்த முறையில் எத்தனை விதமான பெயர்கள் கிடைக்கும் தெரியுமா? 5 போட்டு, அதற்குப் பின்னால் 36 சைபர் போட வேண்டும்! ஆகவே இரண்டு டிஸ்க்குக்குத் தற்செயலாக ஒரே பெயர் வரும் என்ற பயம் இல்லை.

2006-ம் ஆண்டு அக்டோபரில் வந்த "உபுண்டு 6.10" என்ற லினக்ஸ், பட்டியலில் இந்தப் பெயரையே எழுதத் தொடங்கியது.

ஆனால் மனிதர் வாயில் நுழையுமா? "அசல் டிஸ்க்கை எடு" என்று சொல்லலாம். 36 எழுத்தைச் சொல்லி எடுக்கச் சொல்ல முடியாது. ஓர் எழுத்து தவறினாலும் பிசகி விடும்.

கம்ப்யூட்டர் தானே எழுதித் தானே படிப்பதற்கு யூ.யூ.ஐ.டி. நல்லது. மனிதர் எழுதி மனிதர் படிப்பதற்கு லேபிள் நல்லது.

ஒரு எச்சரிக்கை. ஒரு டிஸ்க்கை ஒரு புள்ளி விடாமல் அப்படியே நகல் எடுத்தால் லேபிளும் நகலாகும். யூ.யூ.ஐ.டி.-யும் நகலாகும். இரட்டைக் குழந்தைகளுக்கு ஒரே பெயர் வைத்தது போல ஆகி விடும். "எக்ஸ்.எஃப்.எஸ்." முறையில் இந்த இரட்டையரை ஒரே நேரத்தில் கட்ட லினக்ஸ் மறுத்து விடும். அப்படி நகல் எடுத்தால், நகலுக்கு உடனே புதுப் பெயர் வைத்து விட வேண்டும்.

ஆள் வராவிட்டால்?

பட்டியலில் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த டிஸ்க்கை மாட்டவில்லை. அப்போது என்ன ஆகும்?

இன்றைய லினக்ஸ்களில் பெரும்பாலானவை ஒன்றரை நிமிடம் காத்திருக்கும். அப்புறமும் டிஸ்க் வராவிட்டால், "அவசர நிலை" என்று அறிவித்து நின்று விடும். ஒரு டிஸ்க்குக்காகக் கம்ப்யூட்டரே படுத்து விடும்!

இதற்கும் வழி இருக்கிறது. பட்டியலின் நான்காவது பத்தியில் "நோஃபெயில்" என்ற சொல்லைச் சேர்த்து விட்டால் போதும். "வந்தால் கட்டு. வராவிட்டால் போகட்டும்" என்று அர்த்தம். கழற்றி மாட்டும் டிஸ்க்குகளுக்கு இந்தச் சொல் அவசியம்.

ஆனால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. நகல் டிஸ்க் வரவில்லை. கிளை மட்டும் வெறுமனே இருக்கிறது. அப்போது நகல் வேலை தொடங்கினால்? படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கிலேயே போய்க் குவியும். அது நிரம்பித் திணறும். "நகல் எடுத்தாயிற்று" என்ற நம்பிக்கையும் பொய்யாகப் போகும்.

அசல் டிஸ்க் வராவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. வெறும் கிளையைப் பார்த்து, "அசலில் ஒன்றுமே இல்லை" என்று கம்ப்யூட்டர் நினைக்கும். நகலில் இருப்பது அத்தனையையும் அழித்து விடும்!

ஆகவே நகல் வேலைக்கு முன்னால், இரண்டு கிளையிலும் உண்மையாகவே டிஸ்க் கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கு "மவுண்ட்பாயிண்ட்" என்ற கட்டளை இருக்கிறது. "இல்லை" என்று அது சொன்னால் வேலையைத் தொடங்கவே கூடாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. லேபிளை மாற்றினால் பட்டியலிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்தால், மறுபடியும் "ஆள் இல்லை" என்ற கதைதான்.

மறுபடியும் ஸ்டூடியோவுக்கு...

அதே ஸ்டூடியோ. அதே இரண்டு கறுப்பு டிஸ்க். ஆனால் இந்தத் தடவை ஒன்றுக்கு "அசல்" என்றும், மற்றொன்றுக்கு "நகல்" என்றும் உள்ளே பெயர் எழுதி இருக்கிறது. பட்டியலிலும் அதே பெயர்கள்.

ஆயுத பூஜை வருகிறது. வயர்களைக் கழற்றுகிறார்கள். தூசி தட்டுகிறார்கள். மாற்றி மாட்டி விடுகிறார்கள்.

ஞாயிறு இரவு கம்ப்யூட்டர் விழிக்கிறது. டோக்கன் மாறி இருக்கிறது. ஆனால் அது டோக்கனைப் பார்க்கவில்லை. பெயரைப் பார்க்கிறது. அசலை அசல் என்று கட்டுகிறது. நகலை நகல் என்று கட்டுகிறது. வேலை ஒழுங்காக முடிகிறது.

திங்கட்கிழமை காலையில் பெண் வீட்டார் வருகிறார்கள்.

"தம்பி, கல்யாணப் படத்தை எடு."

"இதோ இருக்கிறது, முதலாளி."

தாலி கட்டும் படம் திரையில் தெரிகிறது. பாட்டி கை உயர்த்தி ஆசீர்வாதம் செய்கிறாள்.

லேபிள் பூட்டு அல்ல. டிஸ்க் கீழே விழுந்து உடைந்தால் அது காப்பாற்றாது. அதற்கு இன்னொரு நகல் எடுத்து வேறு வீட்டில் வைக்க வேண்டும். ஆனால் "எந்த டிஸ்க்?" என்ற குழப்பத்தால் வரும் நஷ்டத்தை அது தடுத்து விடும். செலவு ஒரு காசு இல்லை. ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தோடு இன்னும் ஒரு நிமிடம் சேர்த்துக் கொள்ளுங்கள். உள்ளே எழுதிய அதே பெயரை ஒரு சிறு காகிதத்தில் எழுதி, டிஸ்க்கின் வெளிப்புறத்திலும் ஒட்டி விடுங்கள். உள்ளே இருக்கும் பெயர் கம்ப்யூட்டருக்கு. வெளியே இருக்கும் பெயர், அடுத்த ஆயுத பூஜைக்கு வயரைக் கழற்றப் போகிறவருக்கு!